விண்வெளி நிலையம்: விருந்தாளியாகப் போனவர்களும் வீடு கட்டியவர்களும்

குருபோங்கில் மேகம் இல்லாத சில மாலைகளில், ஏழே முக்கால் மணி வாக்கில் வானத்தைப் பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி சத்தமில்லாமல் நகர்ந்து போவது தெரியும். நட்சத்திரம் மாதிரி மினுக்காது. விமானம் மாதிரி விளக்கு சிமிட்டாது. நாலைந்து நிமிடத்தில் மறைந்துவிடும்.

அதுதான் அனைத்துலக விண்வெளி நிலையம். தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில், உள்ளே மனிதர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதியிலிருந்து அது ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், உங்கள் வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் மேலே இருந்துகொண்டே இருக்கிறார்.

இப்போது அந்த நிலையத்துக்கும் வயதாகிவிட்டது. 2030 வரை அதை இயக்கிவிட்டு, அதன் பிறகு பசிபிக் கடலின் ஆளில்லாப் பகுதியில் விழவைப்பது என்பது திட்டம். அதைத் தள்ளி இறக்குவதற்கான விண்கலத்தைச் செய்யும் வேலையை நாசா 2024 ஜூன் மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. ஒப்பந்த மதிப்பு 843 மில்லியன் அமெரிக்க டாலர் வரை.

அந்த நிலையத்தில் 2007இல் ஒரு மலேசியரும் தங்கிவிட்டு வந்தார். அதற்கப்புறம் மலேசியாவிலிருந்து யாரும் போகவில்லை. 1984இல் ஒருவரை அனுப்பிய இந்தியா, 41 வருடம் காத்திருந்து 2025இல் இரண்டாமவரை அனுப்பியது. இப்போது சொந்த நிலையம் கட்டப் போவதாகச் சொல்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? பதில் தேட 1971க்குப் போக வேண்டும்.

முதல் நிலையம் எப்படி வந்தது?

1969 ஜூலையில் அமெரிக்கர்கள் நிலவில் இறங்கிவிட்டார்கள். அந்தப் போட்டியில் தோற்ற சோவியத் யூனியன், பார்வையை வேறு பக்கம் திருப்பியது. நிலவுக்குப் போய்த் திரும்புவது இருக்கட்டும், விண்வெளியிலேயே தங்குவது எப்படி என்று பார்க்கலாம் என்ற முடிவு அது.

1971 ஏப்ரல் 19ஆம் தேதி சல்யூட் 1 ஏவப்பட்டது. உலகத்தின் முதல் விண்வெளி நிலையம். எடை 18 டன்னுக்குச் சற்று மேல். உள்ளே போக ஒரே ஒரு வாசல்.

நாலு நாளில் சோயுஸ் 10 கலம் மூன்று பேரோடு போனது. நிலையத்தைத் தொட்டது. ஆனால் இணைப்பு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. வாசல் வரை போய், உள்ளே நுழையாமலே திரும்பி வந்தார்கள்.

அடுத்தது சோயுஸ் 11. அதில் போக வேண்டிய குழுவில் ஒருவருக்குக் காசநோய் இருக்கலாம் என்று கடைசி நேரத்தில் மருத்துவர்கள் சந்தேகப்பட்டதால், குழு மொத்தமும் மாற்றப்பட்டது. மாற்றுக் குழுவில் இருந்த டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் ஜூன் 6ஆம் தேதி கிளம்பினார்கள். 23 நாள் பயணம். ஒரு நிலையத்துக்குள் போய் வாழ்ந்த முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

திரும்பும்போது கலத்தின் பாகங்கள் பிரிகிற நொடியில், காற்றுச் சமன் செய்யும் ஒரு வால்வு திறக்கக்கூடாத உயரத்தில் திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று வெளியேறியது. மூவரும் விண்வெளி உடை அணிந்திருக்கவில்லை. மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதற்காக, உடைக்கு இடமில்லாமல் கலம் அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 30ஆம் தேதி கலம் கஸகஸ்தானில் ஒழுங்காகத் தரையிறங்கியது. கதவைத் திறந்தபோது யாரும் உயிரோடு இல்லை.

இதற்குப் பிறகு சோயுஸில் இரண்டு பேர்தான், உடை கட்டாயம் என்று ஆனது. மறுபடியும் மூன்று பேர் போவதற்குப் புது ரகக் கலம் வர வேண்டியிருந்தது. அது 1980இல்தான் வந்தது. சல்யூட் 1 வேறு யாரையும் பார்க்காமல் 1971 அக்டோபரில் கீழே இறக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஸ்கைலாப் ஏன் விழுந்தது?

1973 மே 14ஆம் தேதி அமெரிக்கா ஸ்கைலாப்பை ஏவியது. நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ஒரு கட்டத்தையே வீடாக மாற்றியிருந்தார்கள். சல்யூட்டைவிடப் பல மடங்கு பெரியது.

கிளம்பி ஒரு நிமிடம் தாண்டியதுமே அதன் வெளிக்கவசம் பிய்ந்துபோனது. போகும்போது ஒரு சூரியத் தகட்டையும் இழுத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த முக்கியத் தகடும் விரியாமல் சிக்கிக்கொண்டது. மின்சாரம் குறைவு. உள்ளே வெப்பம் 50 டிகிரிக்கு மேல்.

பத்து நாளில் தரையில் ஒரு தீர்வு தயாரானது. பீட் கான்ராட் தலைமையில் போன குழு, குடை மாதிரி விரியும் ஒரு துணியை உள்ளிருந்து வெளியே நீட்டி விரித்தது. வெப்பம் இறங்கியது. பிறகு வெளியே போய், சிக்கியிருந்த தகட்டையும் விடுவித்தார்கள். அடுத்தடுத்து மூன்று குழுக்கள் 28, 59, 84 நாள்கள் தங்கின.

ஆனா, ஸ்கைலாப்பில் ஒரு பெரிய குறை. சாப்பாடும் தண்ணீரும் முதலிலேயே ஏற்றி அனுப்பப்பட்டவைதான். கொண்டுபோய்ச் சேர்க்கச் சரக்குக் கலம் கிடையாது. விண்ணோடம் வந்து அதை மேலே தூக்கிவிடும் என்று நம்பினார்கள். விண்ணோடம் தாமதமானது. சூரியனின் சீற்றம் கூடியதால் மேல் வளிமண்டலம் உப்பி, ஸ்கைலாப்பை எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கீழே இழுத்தது.

1979இல் அது எங்கே விழும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 50 டிகிரி வரை அதன் பாதை போனது. அதாவது மலாக்காவும் அந்தப் பட்டைக்குள்தான். இந்தியக் கிராமங்களில் உலகமே அழியப் போகிறது என்கிற அளவுக்குப் பீதி பரவியது. அந்தப் பீதியை வைத்து 2021இல் தெலுங்கில் 'ஸ்கைலாப்' என்று ஒரு படமே வந்தது. கடைசியில் ஜூலை 11ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை. குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் நகர நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

இன்னொரு விஷயம். இந்த நிலையங்கள் எல்லாமே நம் தலைக்கு மேலாகவும் போய்க்கொண்டிருந்தவைதான். சூரியன் இன்னும் உதிக்காமல், ஆனால் உயரத்தில் வெளிச்சம் பட ஆரம்பிக்கிற நேரத்திலும் இவை கண்ணுக்குத் தெரியும். தோட்டத்தில் அது பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம். பால் மரம் வெட்டக் கிளம்பிய நம் தாத்தா பாட்டிகள் நிமிர்ந்து பார்த்திருந்தால், நகர்கிற அந்த நட்சத்திரம் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வாசல் எதை மாற்றியது?

சோவியத் தரப்புக்கும் தோல்வி தொடர்ந்தது. 1972இல் ஒரு நிலையம் ஏவும்போதே போய்விட்டது. 1973இல் இன்னொன்று சில நாளில் காற்றை இழந்தது. ஆனால் அவர்கள் அதே வடிவமைப்பைத் திருத்தித் திருத்தித் திரும்பச் செய்தார்கள்.

1977 செப்டம்பரில் வந்த சல்யூட் 6இல் இரண்டு வாசல்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் விண்வெளி நிலையங்களின் கதையே இங்கேதான் திரும்புகிறது.

ஒரு வாசலில் குழு வந்த கலம் நிற்கும். இன்னொரு வாசலில் ஆளில்லாச் சரக்குக் கலம் வந்து சேரும். 1978 ஜனவரியில் புரோகிரஸ் 1 அப்படி எரிபொருள், சாப்பாடு, கருவிகளோடு வந்து இணைந்தது. அதற்கு முன் நிலையம் என்பது கட்டுச்சோறு கொண்டுபோகிற பயணம். இதற்குப் பிறகு அது கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து குடித்தனம் நடத்துகிற வீடு.

இன்னொரு பிரச்சினையும் தீர்ந்தது. அப்போதைய சோயுஸ் கலம் விண்வெளியில் சுமார் 90 நாள்தான் தாங்கும். அதைவிட அதிகமாகத் தங்க வேண்டும் என்றால், புதுக் கலம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரு விமானி அவசியம். பக்கத்து இருக்கை காலி.

அந்தக் காலி இருக்கைதான் பிற்காலத்தில் அரசியல் ஆயுதமானது.

விருந்தாளி இருக்கையில் யார் போனார்கள்?

இண்டர்காஸ்மாஸ் என்ற திட்டத்தின் கீழ், நட்பு நாடுகளைச் சேர்ந்தவர்களைச் சோவியத் யூனியன் அந்த இருக்கையில் கூட்டிப்போனது. 1978 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியாவின் விளாதிமிர் ரெமெக் முதலில் போனார். சல்யூட் 6இல் மட்டும் எட்டு நாடுகளின் விருந்தாளிகள் தங்கினார்கள்.

தென்கிழக்காசியாவிலிருந்து முதலில் போனவர் யார் தெரியுமா? வியட்நாமின் பாம் துவான். 1980 ஜூலை 23ஆம் தேதி சோயுஸ் 37இல் போய், எட்டு நாள் கழித்து சோயுஸ் 36இல் திரும்பினார். புதுக் கலத்தை விட்டுவிட்டு, பழைய கலத்தில் இறங்கிவந்தார்.

1982 ஏப்ரல் 19ஆம் தேதி சல்யூட் 7 வந்தது. 1984 ஏப்ரல் 3ஆம் தேதி இந்திய விமானப்படையின் ராகேஷ் சர்மா அதற்குப் போனார். கூடவே யூரி மாலிஷேவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ். மேலே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். போனது சோயுஸ் டி-11. திரும்பியது சோயுஸ் டி-10. மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

அங்கிருந்து இந்தியாவைப் படம் பிடித்தார். எடையில்லாத நிலையில் உடம்புக்கு யோகா உதவுமா என்று சோதித்துப் பார்த்தார். பிரதமர் இந்திரா காந்தியோடு அவர் பேசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்தியா பெருமைப்பட்டது. சோவியத் யூனியனுக்கு ஒரு பெரிய நாட்டின் நட்பு உலகத்தின் கண்முன் உறுதியானது. இரண்டு பக்கமும் லாபம்.

ஆனால் சர்மா போன கலம் இந்தியாவுடையது இல்லை. இருக்கை இல்லை. இணைப்புக் கருவி இல்லை. திரும்பி வந்த பிறகு அவர் ஏறிப் போக இந்தியாவிடம் எதுவும் இல்லை.

உறைந்துபோன நிலையத்தை யார் காப்பாற்றினார்கள்?

சர்மா தங்கிய அதே சல்யூட் 7, 1985 பிப்ரவரியில் பேச்சுமூச்சில்லாமல் போனது. உள்ளே அப்போது யாரும் இல்லை. பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் ஒரு சென்சார் பழுது. சூரியத் தகடு வேலை செய்தும், மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. நிலையம் உறைந்துவிட்டது.

ஜூன் 6ஆம் தேதி ஜானிபெகோவ், சவினிக் என்ற இரண்டு பேர் கிளம்பினார்கள். வழக்கமாக நிலையமே சமிக்ஞை கொடுத்துக் கலத்தை வழிநடத்தும். இது செத்துக் கிடக்கிற நிலையம். கண்ணாலேயே தூரம் பார்த்து, கையாலேயே ஓட்டிக்கொண்டு போய் இணைத்தார்கள். உள்ளே சுவரெல்லாம் பனி. தண்ணீர்க் குழாய்கள் உறைந்திருந்தன. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். கலத்தைத் திருப்பிச் சூரிய வெளிச்சம் படவைத்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக நேரடியாகத் தகட்டில் இணைத்து உயிர் கொடுத்தார்கள்.

1971இல் ஒரு வால்வு மூன்று உயிரை வாங்கியது. 1985இல் ஒரு சென்சார் ஒரு நிலையத்தையே நிறுத்தியது. இடைப்பட்ட 14 வருடத்தில் சோவியத் பொறியியலாளர்கள் கற்றுக்கொண்டது, பழுது வந்தால் சமாளிக்க. பழுதே வராத நிலையம் அவர்களிடமும் இல்லை.

அந்த அனுபவம் 1986இல் மிர் நிலையமானது. அதே வடிவமைப்பு வரிசையில் எட்டாவதாக வந்ததுதான் ஸ்வெஸ்தா. இன்று அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் மையமாக இருப்பது அதுதான். சல்யூட் 1இன் தம்பி இன்னும் நம் தலைக்கு மேல் பறக்கிறான் என்றே சொல்லலாம்.

2007இல் மலேசியா எப்படிப் போனது?

மலேசியாவின் வாய்ப்பும் விருந்தாளி இருக்கைதான். 2003இல் ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை மலேசியா சுமார் 900 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஒரு மலேசியரைப் பயிற்சி கொடுத்து விண்வெளிக்கு அனுப்புவது அந்தப் பேரத்தின் ஒரு பகுதி.

அங்காசாவான் திட்டத்துக்குச் சுமார் 11,000 பேர் மனு போட்டார்கள். கடைசி நாலு பேரில் ஒரே பெண், பொறியியலாளர் வனஜா சிவசுப்பிரமணியம். நம் வீடுகளில் அந்தப் பெயரைப் பத்திரிகையில் பார்த்துப் பேசிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். கடைசியில் எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபரும், ராணுவப் பல் மருத்துவர் ஃபாயிஸ் காலிட்டும் ரஷ்யாவில் பயிற்சிக்குத் தேர்வானார்கள்.

2007 அக்டோபர் 10ஆம் தேதி ஷேக் முஸாபர் சோயுஸ் டிஎம்ஏ-11இல் போனார். கூட்டிப்போன இருவரும் மேலே தங்கிவிட, அங்கே ஏற்கெனவே இருந்த இருவரோடு டிஎம்ஏ-10இல் அக்டோபர் 21ஆம் தேதி திரும்பினார். போன கலம் ஒன்று, வந்த கலம் ஒன்று. பாம் துவான், ராகேஷ் சர்மா போய்வந்த அதே முறை. நாசா அவரை 'விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்' என்று குறிப்பிட்டது. அவர் வீரரா, பயணியா என்ற வாதம் இங்கே ரொம்ப நாள் ஓடியது.

அந்த வாதம் முக்கியமான கேள்வியை மறைத்துவிட்டது. அவர் மேலே புற்றுநோய் உயிரணு, புரதப் படிகம் தொடர்பான சோதனைகளைச் செய்தார். அதைத் தொடர இங்கே என்ன கட்டினோம்? பயிற்சி முடித்த ஃபாயிஸ் காலிட் கடைசி வரை போகவில்லை. 2009இல் ஏவப்பட்ட ரசாக்சாட் செயற்கைக்கோள் ஓராண்டு வாக்கில் செயலிழந்தது. அதைச் சுமந்துபோனது, அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட். அந்த நிறுவனம் எங்கே போய்விட்டது என்று இன்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தியா 41 வருடம் என்ன செய்தது?

2025 ஜூன் 25ஆம் தேதி சுபான்ஷு சுக்லா கிளம்பி, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் தங்கிய முதல் இந்தியரானார். அதுவும் விருந்தாளி இருக்கைதான். இந்தத் தடவை இந்தியா பணம் கட்டி வாங்கியது. சர்மா காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம், பின்னணியில் இருக்கிற வேலை.

நெல்லைப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் இயந்திரச் சோதனை மையம் இருக்கிறது. மனிதரை ஏற்றிப்போகும் ககன்யான் திட்டத்துக்கான ராக்கெட் இயந்திரங்கள் அங்கேதான் எரித்துப் பார்க்கப்படுகின்றன. 2025 ஜனவரி 16ஆம் தேதி இந்தியா தன் இரண்டு சிறு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துக் காட்டியது. சோயுஸ் 10 அன்று செய்ய முடியாமல் திரும்பிய அதே வேலை. இணைக்கத் தெரியாமல் நிலையம் கட்ட முடியாது. பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தை 2035க்குள் கட்டி முடிப்பது இந்தியாவின் இலக்கு.

ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவர் அஜித் கிருஷ்ணன். சென்னையில் பிறந்தவர். பிறந்த தேதி 1982 ஏப்ரல் 19, சல்யூட் 7 ஏவப்பட்ட அதே நாள். ககன்யான் அறிவிக்கப்பட்ட 2018இல் இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், கன்னியாகுமரி மாவட்டக் கிராமத்தில் தமிழ் வழிப் பள்ளியில் படித்தவர். தமிழ்ப்பள்ளியில் படித்தால் அறிவியல் துறைக்குப் போக முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு இந்தத் தகவல் போதும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

விருந்தாளி இருக்கை மறுபடியும் பேரத்துக்கு வந்திருக்கிறது. சீனாவின் தியாங்கோங் நிலையத்துக்குத் தன் வீரரை அனுப்ப 2025 பிப்ரவரியில் பாகிஸ்தான் ஒப்பந்தம் போட்டது. நாளைக்கு மலேசியாவுக்கும் அப்படி ஓர் அழைப்பு வரலாம். வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி, யார் போகிறார் என்பதோடு முடியக்கூடாது. அவர் திரும்பி வந்த மறுநாள் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போவார்? அந்தக் கூடத்துக்கு ஐந்து வருடம் கழித்தும் பணம் இருக்குமா? இதையும் கேட்க வேண்டும்.

சட்டமும் கொள்கையும் நம்மிடம் இருக்கின்றன. 2019இல் மலேசிய விண்வெளி நிறுவனம் அமைந்தது. 2022இல் விண்வெளி வாரியச் சட்டம் வந்தது. திறமையும் தூரத்தில் இல்லை. குருபோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பத்து பெரண்டாமில், ஏர்பஸ் விமானங்களுக்கான இறக்கைப் பாகங்களைக் கலப்புப் பொருளில் செய்யும் தொழிற்சாலை ஓடுகிறது. அதே வட்டாரத்தில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளும் உண்டு. டுரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இங்கேயெல்லாம் ஷிஃப்டில் நிற்கிறார்கள், படிக்கிறார்கள்.

எஸ்.பி.எம். முடித்து எந்தப் படிப்புக்குப் போவது என்று யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தக் கதையில் உயிரைப் பறித்தது ஒரு வால்வு, நிலையத்தை உறையவைத்தது ஒரு சென்சார், வெப்பத்தை இறக்கியது ஒரு துணிக் குடை. இதில் எதையும் செய்ய விண்வெளி வீரராக வேண்டியதில்லை. இறுக்கிய திருகை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கிற பழக்கம் போதும். விருந்தாளியாகப் போகிறவர் ஒருவர்தான். வீடு கட்ட ஆயிரம் பேர் வேண்டும்.